பிள்ளைகள் வீடு திரும்பும்போது பாதிச் சமையல் முடிந்திருக்கட்டும்

கேள்வி: நான் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். வீடு திரும்ப மாலை 6.30 மணியாகிவிடும். 12 வயது மகளும் 8 வயது மகனும் 4.30 மணிக்கே பள்ளியிலிருந்து வந்துவிடுவார்கள். மாமியார் எங்களுடன் இருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறார், நெடுநேரம் நின்று சமைக்க அவரால் இயலாது. நான் வரும்வரை பிள்ளைகள் பிஸ்கட், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ் என்று எதையாவது தின்றுவிட்டு இரவுச் சாப்பாட்டைத் தொடுவதே இல்லை. இணையத்தில் பார்க்கும் ஐந்து நிமிடச் சமையல் எதுவும் எனக்கு ஐந்து நிமிடத்தில் முடிந்ததில்லை. வீட்டிலேயே விரைவாகவும் சத்தாகவும் செய்யக்கூடியவற்றைச் சொல்வீர்களா? மகன் மெலிந்திருக்கிறான். அவனுக்குச் சத்துப் பானப் பொடி வாங்கித் தரலாமா?

உணவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

நூடுல்ஸையும் சிப்ஸையும் பற்றிக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். எனக்கோ 4.30 மணிக்கும் 6.30 மணிக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு மணி நேரமே பெரிய சிக்கலாகத் தெரிகிறது. மதியம் சாப்பிட்டது செரித்துப்போய், வளரும் வயதுக்கே உரிய பசியோடு வீட்டுக்குள் நுழையும் பிள்ளைகள் கையில் அகப்பட்டதைத்தான் தின்பார்கள். பிஸ்கட்டுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் போதும், மற்ற எதற்கும் அடுப்பை மூட்டியாக வேண்டும் என்ற நிலையில் அவர்கள் எதை எடுப்பார்கள் என்பதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. ஐந்து நிமிடச் சமையல் உங்கள் வீட்டில் ஐந்து நிமிடத்தில் முடியாததற்கும் இதுவே காரணம். வெங்காயம் நறுக்கி, பயறு வேகவைத்து, காய் கழுவித் துடைத்து, எல்லாம் தனித்தனிக் கிண்ணங்களில் வந்து நின்ற பிறகுதான் அந்தக் காணொளிகளில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. ஆகவே செய்முறைகளுக்குப் போவதற்கு முன், எவையெல்லாம் உங்கள் வீட்டில் எப்போதும் பாதி தயாராக இருக்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன். அந்த ஏற்பாடு கைவசம் இல்லாமல் நான் எத்தனை செய்முறை எழுதிக் கொடுத்தாலும், பசித்த பிள்ளைகள் சமையலறை வாசலில் நிற்கும் நேரத்தில் அவை உங்களுக்கு உதவ மாட்டா.

முதலில், மாலைச் சிற்றுண்டி என்பதை வாய்க்கு ருசியாக எதையாவது கொறிப்பது என்று கொள்ளாமல், ஒரு சிறிய சாப்பாடு என்றே கொள்ளுங்கள். அதில் புரதம் இருக்க வேண்டும். அதோடு நார்ச்சத்துள்ள தானியமோ பயறோ காயோ பழமோ ஒன்று சேர வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பசி மெதுவாகத் திரும்பும். பிஸ்கட்டில் பெரும்பாலும் இருப்பவை மைதா, சர்க்கரை, கொழுப்பு ஆகிய மூன்றே. மெல்லும் வேலையும் அதில் குறைவு என்பதால், வயிறு நிறைந்துவிட்டது என்று உடல் உணர்வதற்குள் பாதிப் பொட்டலம் காலியாகிவிடும். இரவு தட்டில் சோறு வரும்போது, கலோரிக் கணக்கில் உங்கள் பிள்ளைகள் ஏற்கெனவே சாப்பிட்டு முடித்தவர்கள். சத்துக் கணக்கில் ஏறக்குறைய பட்டினி கிடந்தவர்கள். அவர்கள் சோற்றைத் தொடாததைப் பிடிவாதம் என்று எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம்.

புரதம் என்றதும் மலைக்கவும் வேண்டாம். இந்த வயதில் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் தேவைப்படுகிறது. உங்கள் மகனின் எடை 25 கிலோ என்றால் அவனுக்கு 25 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 200 மில்லி பாலில் 6 முதல் 7 கிராம். 30 கிராம் அளவுள்ள ஒரு சிறு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம். வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8 முதல் 9 கிராம். இவற்றில் ஏதேனும் இரண்டை மாலை 5 மணிக்குள் சாப்பிட்டுவிட்டால் அன்றைய தேவையில் ஏறத்தாழ பாதி நிறைவேறிவிடுகிறது. அதன் பிறகு இரவில் அவன் குறைவாகச் சாப்பிட்டாலும் நீங்கள் பதற வேண்டியதில்லை.

இனி முன்னேற்பாட்டுக்கு வருவோம். வாரத்தில் ஒரு நாள், உங்கள் விடுமுறை நாளாக இருக்கட்டும், ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். அந்த நேரத்திலும் பெரும்பகுதி அடுப்புதான் வேலை செய்யும், நீங்கள் அருகில் இருந்தால் சரி. நான் முதலிடம் கொடுப்பது முழுப் பயறுகளுக்கே. கொண்டைக்கடலை, காராமணி, ராஜ்மா போன்றவை விலை குறைந்தவை, மாதக்கணக்கில் கெடாதவை, புரதமும் நார்ச்சத்தும் இரும்புச்சத்தும் ஒருசேர உள்ளவை. ஊறவைத்து வேகவைக்க நேரமாகும் என்ற ஒரே குறையினால்தான் வேலைக்குப் போகிறவர்களின் சமையலறையில் அவை பின்தள்ளப்படுகின்றன. முதல் நாள் இரவே 2 கோப்பைக் கொண்டைக்கடலையை நிறையத் தண்ணீரில் போட்டுவிடுங்கள். 8 மணி நேரத்தில் அது ஏறத்தாழ இருமடங்கு எடைக்கு ஊறியிருக்கும். வெந்த பிறகு 5 கோப்பைக்குக் குறையாமல் கிடைக்கும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள்.

உப்புப் போட்டால் கடலை வேகாது என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் ஊறும் தண்ணீரில் சிறிது உப்புச் சேர்த்தால் தோல் மென்மையாகவே வேகும். வேகவிடாமல் தடுப்பது புளிப்பு. தக்காளியையும் எலுமிச்சைச் சாற்றையும் கடலை வெந்த பிறகே சேர்க்க வேண்டும். சமையல் சோடா போட்டால் விரைவில் வெந்துவிடும் என்பது சரிதான். ஆனால் பி1 வைட்டமினை அது அழித்துவிடும் என்பதால், பிரஷர் குக்கர் இருக்கும் வீட்டில் அதற்கு அவசியமே இல்லை. குக்கரைத் திறந்ததும் ஒரு கடலையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். தோல் அதிகம் கிழியாமல், நடுவில் மணலைப் போன்ற நறநறப்பு இல்லாமல், வெண்ணெயாக நசுங்கினால் அதுவே பதம். நடுவில் சிறிதாவது கடினம் தெரிந்தால், குளிர்ந்த பின் அது இன்னும் இறுகும், பிள்ளைகள் ஒதுக்கிவிடுவார்கள். எவ்வளவு வேகவைத்தும் இளகாத கடலை பழைய சரக்காகத்தான் இருக்கும். அடுத்த முறை புதிய சரக்காகப் பார்த்து வாங்குங்கள்.

ராஜ்மாவுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. குறிப்பாகச் சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. அரைவேக்காட்டில் சில பருப்புகளைத் தின்றாலே சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரக்கூடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நச்சு அழிந்துவிடும். நான் 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள் என்றே சொல்வேன். குக்கரில் முழுமையாக வேகவைப்பதும் பாதுகாப்பானது. மிதமான சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரங்களில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது, ஏனெனில் அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

வெந்த பயறை வடித்து, ஆறியதும் மூன்று நாளில் தீரும் அளவை மூடியுள்ள பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள்; மீதியை ஒரு வேளைக்கு ஒரு பை என்று பிரித்து, கட்டியாக உறைந்துவிடாதபடி பரப்பி, உறைநிலைப் பெட்டியில் வைத்தால் இரண்டு மாதம்வரை தாராளமாகப் பயன்படுத்தலாம். வேகவைத்த தண்ணீரையும் கொட்டிவிடாதீர்கள், அதற்கு இரவில் வேலை இருக்கிறது. ஆனால் ராஜ்மா வெந்த தண்ணீர் எனக்கு ருசிப்பதில்லை. அதை நான் எடுத்துவைப்பதில்லை.

அடுத்தது முட்டை. கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கி 10 நிமிடம் வேகவைத்து, உடனே குளிர்ந்த நீரில் போட்டு, ஓட்டோடு குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் கெடாது. உரித்த முட்டையை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். மஞ்சள் கருவைச் சுற்றிப் பச்சை வளையம் தெரிந்தால் அது அதிகம் வெந்ததன் அடையாளம் மட்டுமே, தீங்கு ஒன்றும் இல்லை. ஓட்டோடு இருக்கும் முட்டையை மைக்ரோவேவில் சூடுபடுத்தினால் வெடிக்கும் என்பதைப் பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். வீட்டில் முட்டை சாப்பிடும் வழக்கம் இல்லையென்றால், மெல்லிய துணியில் வடிகட்டிய கெட்டித் தயிர் அந்த இடத்தை நிரப்பும்.

மூன்றாவது, வேர்க்கடலை விழுது. கடையில் வாங்குவதிலும் தவறில்லை. ஆனால் பலவற்றில் சர்க்கரை சேர்க்கிறார்கள், வீட்டில் அரைக்க 10 நிமிடத்துக்கு மேல் ஆகாது. எண்ணெய் இல்லாமல் மிதமான தீயில் வறுத்து, ஆறியதும் உள்ளங்கைகளுக்கிடையில் தேய்த்துத் தோலை ஊதிவிட்டு, மிக்சியில் விட்டுவிட்டு அரையுங்கள். முதலில் பொடியாகும், பிறகு ஓரத்தில் ஒட்டிக் கட்டிகட்டியாகத் திரளும், பலர் இந்த இடத்தில் பொறுமை இழந்து தண்ணீரோ எண்ணெயோ ஊற்றிவிடுகிறார்கள். வழித்துவிட்டு வழித்துவிட்டு மேலும் சில நிமிடம் அரைத்தால், கடலையின் எண்ணெயே கசிந்து, விழுது பளபளப்பாக இளகி வழியும். ஒரு சிட்டிகை உப்பு போதும். சுருங்கிய, நிறம் மாறிய, பூஞ்சை படிந்த, கசக்கும் கடலைகளை வறுப்பதற்கு முன்பே பொறுக்கி எறிந்துவிடுங்கள். அவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளடாக்சின் என்னும் பூஞ்சை நச்சு இருக்கலாம், அது வறுப்பதால் முழுவதும் போவதில்லை. விருந்தினரின் குழந்தைகள் வீட்டுக்கு வந்தால், 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முழுக் கடலையைக் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். பிள்ளைகளின் நண்பர்களில் எவருக்கேனும் கடலை ஒவ்வாமை உண்டா என்பதையும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தயிர், பால், வாழைப்பழம், ஆப்பிள், கேரட், வெள்ளரி, முழுக்கோதுமை ரொட்டி ஆகியவற்றைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை. வாங்கி வந்த அன்றே கழுவித் துடைத்துக் கண்ணில் படும்படி வைத்தால் போதும். கீழ்த்தட்டில் பைக்குள் கட்டிக்கிடக்கும் கேரட்டைத் தேடி எடுத்துத் தின்னும் பிள்ளையை நான் இதுவரை பார்த்ததில்லை.

இப்போது 4.30 மணிக்கு என்ன நடக்கலாம் என்று பாருங்கள். அடுப்பு தேவையில்லை. உங்கள் மகள் 12 வயதுப் பெண். குளிர்பெட்டியிலிருந்து ஒரு கோப்பைக் கொண்டைக்கடலையை எடுத்து, வெள்ளரியும் தக்காளியும் நறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, மிளகுத்தூள் தூவுவது அவளால் முடியும். எலுமிச்சை அங்கே ருசிக்கு மட்டும் இல்லை. பயறிலுள்ள இரும்புச்சத்தை உடல் கூடுதலாக உறிஞ்சிக்கொள்ள வைட்டமின் சி உதவுகிறது, பூப்பெய்தும் பருவத்தில் இருக்கும் பெண்ணுக்கு இது முக்கியம். அந்த வேளையில் தேநீர் மட்டும் வேண்டாம். அதிலுள்ள பொருள்கள் இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும், ஒரு மணி நேர இடைவெளி விட்டுக் குடிக்கலாம். மகன் ஒரு ரொட்டித் துண்டில் வேர்க்கடலை விழுதைத் தடவி, வாழைப்பழத்தை வில்லைகளாக நறுக்கி மேலே அடுக்கிக்கொள்வான். இன்னொரு நாள் ஒரு முட்டையை உரித்து ஓர் ஆப்பிளோடு சாப்பிடுவான். மற்றொரு நாள் தயிரில் பழமும் நொறுக்கிய கடலையும் கலந்துகொள்வான். மாமியாரை நின்று சமைக்கச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே இரண்டில் எது வேண்டும் என்று கேட்டு, மேசையில் அமரவைத்துச் சாப்பிடச் செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். 5 மணிக்குள் அது முடிந்து, 7.30 மணிவரை தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை என்ற ஒழுங்கு வந்தால் இரவுச் சாப்பாட்டுக்குப் பசி தானாக எடுக்கும்.

பிள்ளைகளுக்கு ஊட்டுவது குறித்து அமெரிக்க உணவியல் நிபுணரும் குடும்ப ஆலோசகருமான எல்லின் சாட்டர் வகுத்த ஒரு பொறுப்புப் பிரிவினை உண்டு. எதை, எப்போது, எங்கே பரிமாறுவது என்பது பெற்றோரின் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. என் ஆலோசனைக்கு வரும் பெற்றோரிடம் நான் அதிகம் சொல்வது இதைத்தான். முதல் வாரம் உங்கள் மகன் கொண்டைக்கடலையைத் தொடாமலே எழுந்து போகலாம். போகட்டும். புதிய உணவைப் பிள்ளைகள் ஏற்றுக்கொள்ளப் பத்து முறைக்கு மேலும் அது தட்டில் வர வேண்டியிருக்கலாம். கெஞ்சாமலும் மிரட்டாமலும், ஒன்றைத் தின்றால் இன்னொன்று தருகிறேன் என்று பேரம் பேசாமலும் வைத்துக்கொண்டே இருங்கள்.

இரவுச் சாப்பாட்டில் உங்கள் மேல் நீங்களே சுமத்திக்கொண்டிருக்கும் பாரத்தைச் சற்று இறக்கிவைக்கலாம் என்று நினைக்கிறேன். பல வகைகள் இருந்தால்தான் அது சாப்பாடு என்ற எண்ணம் வேலை நாள்களுக்குப் பொருந்தாது. ஒரே பாத்திரத்தில் தானியமும் பருப்பும் காயும் சேர்ந்துவிட்டால் அது முழுமையான உணவே. 1 கோப்பை அரிசி, அரைக் கோப்பைப் பாசிப்பருப்பு, நறுக்கிய கேரட்டோ பூசணியோ ஒரு கோப்பை, 5 கோப்பைத் தண்ணீர், சிறிது சீரகம், பூண்டு என எல்லாவற்றையும் குக்கரில் ஏற்றிவிட்டு நீங்கள் முகம் கழுவி உடை மாற்றி வருவதற்குள் அது வெந்திருக்கும். திறந்ததும் பொடியாக நறுக்கிய கீரை ஒரு கைப்பிடி போட்டுக் கிளறி மூடினால் அந்தச் சூட்டிலேயே கீரை வதங்கிவிடும். மொத்தம் 25 நிமிடம் ஆகும் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் உங்கள் கை வேலை செய்வது அதில் 7 அல்லது 8 நிமிடமே. அரிசியின் புரதத்தில் குறைவாக இருக்கும் லைசின் என்னும் அமினோ அமிலத்தைப் பருப்பு ஈடுசெய்கிறது. குழைவாக இருப்பதால் உங்கள் மாமியாருக்கும் இதமாக இருக்கும்.

களைப்பு மிகுந்த நாளில் வாணலி ஒன்றே போதும். சிறிது எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, தக்காளியைச் சேர்த்து, அது கரைந்து எண்ணெய் ஓரத்தில் பிரியும்போது உறைநிலையில் வைத்திருந்த பயறு ஒரு கோப்பையைக் கொட்டுங்கள். மிஞ்சிய காய் எதுவானாலும் சேரலாம். கொதி வந்ததும் கரண்டியின் முதுகால் நான்கு குழிகள் செய்து, ஒவ்வொன்றிலும் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, தீயைத் தணித்து மூடிவையுங்கள். ஐந்தாறு நிமிடத்தில் வெள்ளைக் கரு முழுவதும் இறுகிவிடும். மஞ்சள் கரு பெரியவர்களுக்கு இளகலாக இருக்கலாம், பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் அதுவும் நன்றாக இறுகும்வரை விடுங்கள். அதோடு ரொட்டியோ இருக்கிற சோறோ சேர்ந்தால் சாப்பாடு முடிந்தது.

எடுத்துவைத்த பயற்றுத் தண்ணீருக்கு இப்போது வேலை வருகிறது. அதைக் கொதிக்கவிட்டு, காயும் பயறும் போட்டு, பயறில் பாதியைக் கரண்டியால் மசித்துவிட்டால் மாவு எதுவும் கரைத்து ஊற்றாமலே சூப் கெட்டிப்படும். இன்னொரு நாள் ஓட்ஸைச் சர்க்கரை போடாமல், உறைந்த பட்டாணியும் கேரட் துருவலும் மிளகும் சேர்த்து 5 நிமிடத்தில் கிளறலாம். உறைந்த பட்டாணியைச் சத்தில்லாதது என்று ஒதுக்காதீர்கள். பறித்த சில மணி நேரத்தில் வெந்நீரில் முக்கி எடுத்து உறையவைக்கப்படுவதால், பல நாள் அலைந்து வந்து சேரும் பச்சைப் பட்டாணிக்கு அது இளைத்ததில்லை.

மிச்ச உணவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் முன்கூட்டிச் சமைக்கிறவர்கள் சறுக்கும் இடம் இதுவே. சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் இன்னும் கவனம் வேண்டும். பேசிலஸ் சீரியஸ் என்னும் கிருமியின் விதைத்துகள்கள் அரிசி கொதிக்கும்போதும் சாவதில்லை; சோறு வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி வெளியிடும் நச்சு, மீண்டும் சூடுபடுத்தினாலும் அழிவதில்லை. சோற்றைப் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, குளிர்பெட்டியில் வைத்து, மறுநாளே ஆவி பறக்கச் சூடாக்கித் தீர்த்துவிடுங்கள்.

முளைகட்டிய பயறைப் பச்சையாகத் தருவது மிகவும் சத்தானது என்று பலர் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். முளைக்கத் தேவையான அதே ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிகளுக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் இ கோலை கிருமியால் ஏற்பட்ட பெரும் நோய்ப்பரவலில் 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; அது முளைகட்டிய வெந்தயத்திலிருந்து பரவியதாக விசாரணையில் முடிவு செய்யப்பட்டது. முளைகட்டுங்கள், தவறில்லை, பிள்ளைகளுக்கும் முதியவருக்கும் வேகவைத்துக் கொடுங்கள்.

மாமியாரின் இரத்த அழுத்தத்துக்காகத் தனிச் சமையல் தேவையில்லை. பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. அது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு, சமையலில் சேர்ப்பது, கடைப் பண்டங்களில் இருப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு. உப்பில்லாமல் சமைத்து அவருடைய பங்கை எடுத்துவைத்த பிறகு மற்றவர்களுக்கு உப்பிடுங்கள். அவருடையதில் எலுமிச்சையும் மிளகும் பூண்டும் கூடுதலாக இருக்கட்டும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்கப்படுவதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சில இரத்த அழுத்த மருந்துகளோடும், சிறுநீரகக் கோளாறு இருந்தாலும், அது ஆபத்தாக முடியலாம் என்பதால் மருத்துவரைக் கேட்காமல் வாங்க வேண்டாம்.

உடனடி நூடுல்ஸை வீட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று நான் சொல்லப் போவதில்லை. தடை போட்ட பண்டத்துக்குப் பிள்ளைகளிடம் மவுசு கூடும். பொட்டலத்தின் பின்புறம் பாருங்கள்: சோடியத்தின் அளவை 2.5ஆல் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும். ஒரு பொட்டலத்தில் 1,000 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால் அது 2.5 கிராம் உப்பு, அதாவது ஒரு பெரியவரின் ஒரு நாள் வரம்பில் பாதி. அந்த எண் 100 கிராமுக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பதையும் கவனியுங்கள், பலரும் ஏமாறுவது அங்கேதான். எப்போதாவது செய்யும் நாளில் மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போட்டு, ஒரு முட்டையும் ஒரு கைப்பிடிப் பட்டாணியும் சேர்த்துக் கொடுங்கள்.

கடைசியாக, சத்துப் பானப் பொடி. உங்கள் மகனுக்கு அது தேவை என்று இந்தக் கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. பொட்டலத்தில் சேர்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். முதல் மூன்றுக்குள் சர்க்கரையோ, வேறு பெயரில் வரும் குளுக்கோஸ் பாகோ மால்டோடெக்ஸ்ட்ரினோ இருந்தால் நீங்கள் பணம் கொடுத்து வாங்குவது பெரும்பாலும் எதை என்பது விளங்கிவிடும். சேர்க்கப்படும் சர்க்கரையோடு தேனும் பழச்சாறும் தரும் சர்க்கரையும் சேர்த்து அன்றாடக் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே உலக சுகாதார அமைப்பின் அறிவுரை; நாளொன்றுக்கு 1,500 கலோரி தேவைப்படும் பிள்ளைக்கு அது ஏறத்தாழ 37 கிராம். ஒரு தம்ளர் பால், ஒரு வாழைப்பழம், ஒரு மேசைக்கரண்டி வேர்க்கடலை விழுது மூன்றையும் மிக்சியில் அடித்துக் கொடுத்தால் ஏறத்தாழ 300 கலோரியும் 10 கிராம் புரதமும் கிடைக்கும். சர்க்கரை சேர்க்கத் தேவையே இருக்காது.

மெலிந்த உடல்வாகு குடும்பத்தில் வருவதாகவும் இருக்கலாம். அவனுடைய உயரத்தையும் எடையையும் ஒரே தராசில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை குறித்துவைத்து, குழந்தைகள் நல மருத்துவரிடம் வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெலிந்திருந்தாலும் தன் கோட்டிலேயே சீராக வளர்கிறான் என்றால் கவலை இல்லை. எடை குறைந்தாலோ, உயரம் கூடாமல் நின்றாலோ, அடிக்கடி வயிற்றுவலியோ சோர்வோ வெளிறிய முகமோ இருந்தாலோ தள்ளிப்போடாமல் அழைத்துச் செல்லுங்கள். அடங்காத தாகமும், அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்குவதும் சேர்ந்து தென்பட்டால் அது நீரிழிவாக இருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்த்து இரத்தச் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.